ஒரு படத்தில் நான் முதலில் பார்ப்பது: இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

"படமும் தொடரும் நிறையப் பார்க்கிறீர்கள். எதை வைத்து ஒன்றை நல்லது என்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்தவை, பிடிக்காதவை பற்றி விரிவாக எழுத முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதே சந்தோஷம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நடிப்பு, ஒளிப்பதிவு, இசை எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், நானும் பார்க்கிறேன். ஆனால் ஒரு படம் என்னைப் பிடித்து உட்கார வைப்பது வேறு ஒரு விஷயத்தில். திரையில் வருகிற இந்த ஆளுக்கு மாசம் எவ்வளவு வருகிறது? வாடகை கட்டிவிட்டானா? யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான்? அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இதற்கெல்லாம் இயக்குநரிடம் பதில் இருக்க வேண்டும். வசனத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிற விதத்திலேயே நமக்கும் தெரிந்துவிடும்.

ஏழைகளைப் பற்றிய படம்தான் நல்ல படம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணக்காரன் கதையும் பிடிக்கும், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று படத்துக்குத் தெரிந்திருந்தால். கதை பாதியில் தடம் புரள்கிற பல படங்களைப் பின்னோக்கிப் பார்த்தால், பணம் எங்கே மறந்துபோனதோ அங்கேதான் மனிதர்களும் பொய்யாகியிருப்பார்கள். இது என் அனுபவம்.

தமிழில் இதற்கு எனக்கு முதல் உதாரணம் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). சுதா என்ற பெண் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் தங்கையும் வயதான தாத்தாவும். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேறு வீடு தேடி அலைகிறார்கள். வாடகை, அட்வான்ஸ் எதுவும் கட்டுப்படியாகவில்லை. உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறார். வளசரவாக்கத்தில் இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று, அலுவலகக் கடன் போட்டு, இன்னொன்றில் கட்டலாம். இவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் அங்கங்கே வருகிறது.

பார்க்கிற நமக்கோ வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் ஒவ்வொரு காட்சியிலும் பணம் கரைவது தெரிகிறது. பிளான் அப்ரூவலுக்கு லஞ்சம். மழை வந்து வேலை நின்றால் அந்த நாட்களும் செலவுதான். கான்ட்ராக்டர் சிமென்ட்டைத் திருடி விற்கிறான். அதைத் தட்டிக் கேட்பது சுதா இல்லை, அங்கே சித்தாள் வேலை பார்க்கும் மங்கம்மா. 'பசி' சத்யா நடித்த பாத்திரம். அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை, ஆனால் ஒரு மூட்டை சிமென்ட் போனால் என்ன ஆகும் என்று அங்கே இருப்பவர்களிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்த ஒரு முடிவுக்காகவே திரைக்கதை எழுதியவரைக் கும்பிடத் தோன்றும். கோபப்படும் தகுதியை வேலை தெரிந்தவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

அப்புறம் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத சுவர்களைத் தடவிப் பார்க்கிறார். திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அழவைக்கும் காட்சி என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சுவருக்கு எவ்வளவு செலவானது என்று அதுவரை கூடவே இருந்து பார்த்திருக்கிறோம். அவர் கை பட்டதும் நமக்குத் தொண்டை அடைப்பது அதனால்தான். கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று வந்து நிற்கிறது. படம் தீர்வு சொல்லாமல் முடிகிறது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. படத்துக்கும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்பது 'ஒரே பாட்டில் பணக்காரன்' ஆகிற வழக்கம். விக்ரமனின் 'சூரியவம்சம்' (1997) இதற்குப் பேர்போனது. 'நட்சத்திர ஜன்னலில்' பாட்டு தொடங்கும்போது சாதாரணமாக இருக்கும் தம்பதி, பாட்டு முடிவதற்குள் பஸ் முதலாளி ஆகிவிடுகிறார்கள். மனைவி கலெக்டர் ஆகும் பாதையும் அங்கேதான் திறக்கிறது. 'அண்ணாமலை'யில் (1992) பால்காரர் ஹோட்டல் அதிபர் ஆவதும் இதே வேகம்தான். இந்தப் பாட்டுகளை நான் வெறுக்கவில்லை. கேட்டால் இன்றைக்கும் தெம்பு வரும். ஒரு தலைமுறை முழுக்க அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் காலையில் கடை திறந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பாட்டுக்குப் பிறகு வருகிற இரண்டாம் பாதியில் எனக்குப் பிடிமானம் போய்விடும். முதல் பஸ்ஸுக்குக் கடன் கொடுத்தது யார், பெர்மிட் எப்படிக் கிடைத்தது, முதல் வருஷம் நஷ்டமா என்று எதுவும் தெரியாதபோது, அந்த முதலாளி மனிதனாக எனக்கு நெருக்கமாக இல்லை. நான் அவரை நேசிப்பதெல்லாம் பாட்டுக்கு முந்தைய ஆளைத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தற்செயல் உண்டு. 'சூரியவம்சம்' தம்பதியாக நடித்த அதே சரத்குமாரும் தேவயானியும் 2025-ல் '3பிஎச்கே' படத்தில் மறுபடி கணவன் மனைவியாக வந்தார்கள். இம்முறை ஒரு சொந்த வீடு வாங்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் திண்டாடும் நடுத்தரக் குடும்பம். ஸ்ரீ கணேஷ் இயக்கியது. அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையிலிருந்து உருவானது. சேமிப்பு ஒரு தொகையை நெருங்கும்போது வீட்டின் விலை இன்னும் தள்ளிப் போயிருக்கும். மகனின் படிப்பு, மகளின் கல்யாணம், அப்பாவின் உடம்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேமிப்பை எடுத்துக்கொண்டு போகும். படத்தின் உணர்ச்சிகள் சில இடங்களில் தேவைக்கு மேல் பொங்குகின்றன, பின்னணி இசை நம்மை அழச்சொல்லிப் பிடித்துத் தள்ளுகிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தது. அந்தக் குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போடும் காட்சிகள் அத்தனையும் நம் வீட்டில் நடந்தவை.

அதே ஆண்டு வந்த 'குடும்பஸ்தன்' இன்னும் கறாரான படம். வேலை போனதை வீட்டில் மறைத்துவிட்டு, ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்து நாளை ஓட்டும் கோயம்புத்தூர்க்காரன். மணிகண்டன் அந்த முழி முழித்தே பாதிப் படத்தை நடத்திவிடுகிறார். சிரிப்புப் படம் என்று போட்டிருந்தாலும், கைமாத்து வாங்கியவனின் ஃபோன் மணி அடிக்கும்போது வயிற்றில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் எழுதிய படம்.

சரி, 'காக்கா முட்டை' (2015). மணிகண்டன் என்றே பெயர் கொண்ட இயக்குநரின் முதல் படம். இதைக் குழந்தைகள் படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் தேசிய விருதும் வாங்கியது. எனக்கு இது பொருளாதாரப் படம். குப்பத்துச் சிறுவர்கள் இரண்டு பேர் ரயில் தண்டவாளத்து ஓரம் சிதறும் கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். அப்பா சிறையில். அம்மா அவரை வெளியே கொண்டுவர வக்கீலுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ரேஷன் கார்டுக்கு இலவசத் தொலைக்காட்சி வருகிறது. அரிசி வாங்கவே யோசிக்கும் வீட்டில் கலர் டிவி. அதில்தான் பீட்சா விளம்பரம் வருகிறது. விலை ஏறத்தாழ 300 ரூபாய். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் நடக்கும் எல்லாமே அந்த 300 ரூபாயை நோக்கிய பயணம்தான்.

மணிகண்டனின் கெட்டிக்காரத்தனம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பணம் சேர்ந்துவிடும். ஆனால் கடைக்குள் விடமாட்டார்கள். சரி, நல்ல சட்டை வேண்டும். அந்தச் சட்டைக்கு என்ன செய்வது? பெரிய கடைக்குள்ளும் இவர்களை விடமாட்டார்கள். வெளியே நிற்கும் வசதியான வீட்டுப் பையன்களுக்கு ரோட்டோரப் பானிபூரி மீது ஆசை. அவர்கள் வீட்டில் அதை வாங்கித் தர மாட்டார்கள். பானிபூரி கொடுத்துப் புதுச் சட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். பணத்தால் வாங்க முடியாததை ஆசையைக் கொடுத்து வாங்குகிற காட்சி இது. இதைவிட அழகாக வர்க்கத்தைப் பற்றித் தமிழில் எடுத்த காட்சி எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த அம்மா ஒரு இடத்திலும் பாவப்பட்டவளாக நிற்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பழைய படங்களில் நான் பலரோடும் முரண்படுகிற ஒன்று விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). ஏவிஎம் தயாரிப்பு. நடு வீட்டில் கோடு போட்டுக் குடும்பம் இரண்டாகப் பிரிவது எல்லோருக்கும் தெரியும். ரகுவரன் நடித்த மூத்த மகன் சிதம்பரத்தைக் கஞ்சனாக, கல்நெஞ்சனாகத்தான் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் அவளுக்கான செலவைக் கழித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கொடுப்பேன் என்கிறான். அப்பாவிடம் அப்படிப் பேசலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த வீட்டில் கணக்கு எழுதுகிற ஒரே ஆள் அவன். மற்ற எல்லோரும் பாசத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பாசத்தின் மாசச் செலவைப் பற்றிப் பேசுபவன் அவன் மட்டும். விசுவுக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் கடைசியில் மூத்த மருமகள் உமா, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து இருக்கலாம் என்ற முடிவை ஏற்காமல், தள்ளியே இருந்து அன்பாக இருப்போம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த முடிவை எழுத 1986-ல் துணிச்சல் வேண்டும். குடும்பப் படம் என்றால் எல்லோரும் கட்டிப்பிடித்து நிற்கும் ஃபோட்டோவோடு முடிய வேண்டிய காலம் அது.

பாலசந்தரையும் இந்த வரிசையில் விட முடியாது. 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில், டெல்லியில் வேலை கிடைக்காமல் இருக்கும் இளைஞர்கள் வெளியே இருக்கும் பெண்ணுக்குக் கேட்க வேண்டுமென்று காலிப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு விருந்து சாப்பிடுவதுபோல் நடிக்கும் காட்சி. பசியை விட மானம் பெரிதாகத் தெரியும் வயது அது. அவருடைய வசனங்கள் சில எனக்கு இன்று அதிகமாகத் தோன்றும், ஆனால் அந்தக் காட்சி அப்படியே நிற்கிறது.

இனி தொடர்கள். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

நம் தொலைக்காட்சித் தொடர்களில் எல்லோரும் பெரிய ஹாலில் நின்று பேசுகிறார்கள். வீட்டில் ஒரு 'கம்பெனி' இருக்கும். அது என்ன செய்கிறது, எதை விற்கிறது என்று பல நூறு எபிசோடு போனாலும் தெரியாது. ஃபைலில் கையெழுத்து வாங்குவார்கள், சொத்தை எழுதி வாங்குவார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. தினசரித் தொடர் என்றால் தினம் அரை மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். ஒரே பங்களாவில் கேமராவை வைத்து வரிசையாகக் காட்சிகளை எடுத்துத் தள்ளினால்தான் கட்டுப்படியாகும். தெருவில், பட்டறையில், கடையில் போய் எடுப்பது நேரமும் செலவும். ஆக, கதையில் பணம் தெரியாமல் போவதற்கே படப்பிடிப்பின் பண நெருக்கடிதான் காரணம்.

அந்த நெருக்கடிக்குள்ளும் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' (2002 முதல் 2005 வரை, சன் டிவி) அதில் முக்கியமானது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா. டெல்லி குமார் நடித்திருந்தார். ஐந்து கல்யாணம், ஐந்து சீர், ஐந்து சம்பந்தி வீடு. ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த அப்பா முகத்தில் ஒரு பதற்றம் வரும் பாருங்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த வீட்டிலும் அந்த முகம் இருக்கும். தொடர் முழுக்க மாமியார் கொடுமை என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கொடுமைக்கு அடியில் ஓடியது கொடுக்கல் வாங்கல். ஊர் மொத்தமும் உட்கார்ந்து பார்த்ததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' (2022 முதல் 2024 வரை) தொடங்கியபோதும் அதே நம்பிக்கை வந்தது. படித்த பெண்களைத் தேடிப் பிடித்து மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்துகிற வீடு. மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் வெறும் கத்துகிற வில்லன் இல்லை. யார் எவ்வளவு சம்பாதிக்கலாம், யார் சம்பாதிக்கவே கூடாது என்று முடிவு செய்கிற ஆள். அப்பத்தா பெயரில் இருக்கும் 40 சதவீதச் சொத்துதான் அவருக்குத் தூக்கம் வராமல் செய்தது. அந்த 40 சதவீதம் கதைக்குள் இருந்தவரை ஒவ்வொரு வசனத்துக்கும் எடை இருந்தது. சமையலறையை விட்டு வெளியே வரத் துடிக்கும் மருமகள்கள் பேசியது வெறும் உரிமைப் பேச்சாக இல்லாமல், கையில் காசு இல்லாதவளின் பேச்சாக இருந்தது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து காலமானார். அவருக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர்தான். ஆனால் தொடர் கடத்தல், மிரட்டல் என்று வழக்கமான பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன்.

சம்பாதிக்கவே கூடாது என்று சொல்லும் வீட்டைப் பற்றிப் பேசும்போது மலையாளத்து 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) நினைவுக்கு வருகிறது. ஜியோ பேபி இயக்கியது. மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வேக வேண்டும், துணி கையால் துவைக்க வேண்டும். தொட்டிக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஆளைக் கூப்பிடச் சொன்னாலும் கணவன் மறந்துவிடுகிறான். மருமகள் நடன ஆசிரியை வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் நினைவு வந்துவிடுகிறது. சம்பளமில்லாத வேலையை இவ்வளவு நேரம் திரையில் காட்டிய படம் குறைவு. நறுக்குவதும் அரைப்பதும் கழுவுவதும் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு அலுக்கும். அந்த அலுப்பை நமக்கு ஊட்டத்தான் படமே எடுத்திருக்கிறார்.

வெளிநாட்டுத் தொடர்களில் 'பிரேக்கிங் பேட்' (2008 முதல் 2013 வரை) பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். போதைப்பொருள் கதை என்றுதான் பலரும் பார்க்கத் தொடங்குகிறார்கள். எனக்கு அது ஒரு வேதியியல் வாத்தியாரின் சம்பளம் போதாத கதை. பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் கார் கழுவும் இடத்தில் இரண்டாவது வேலை. அங்கே தன் மாணவனின் கார் சக்கரத்தையே துடைக்க நேர்கிறது. புற்றுநோய் என்று தெரிகிறது. இரண்டாம் சீசன் தொடக்கத்தில் அவர் ஒரு கணக்குப் போடுவார்: வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளின் கல்லூரிச் செலவு, குடும்பச் செலவு எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர். அது கிடைத்ததும் நிறுத்திவிடலாம். அந்தத் தொகையைத் தாண்டிப் போனபிறகும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் மீதித் தொடர். ஐந்தாம் சீசனில் அவருடைய மனைவி ஒரு வாடகைக் கிடங்கைத் திறந்து காட்டுகிறாள். கட்டில் உயரத்துக்குப் பணக்கட்டுகள். எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார். எண்ணுவதை நிறுத்திவிட்டேன், எனக்கே தெரியாது என்கிறாள். தொடக்கத்தில் அவ்வளவு துல்லியமாக இருந்த கணக்கு தொலைந்துபோன இடம் அது. துப்பாக்கிக் காட்சிகளை விட எனக்கு அந்தக் கிடங்குதான் பயமாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால், டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). போருக்குப் பிந்தைய ரோம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில். மனைவி வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்து சைக்கிளை மீட்கிறாள். கடை ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணி போன்ற அலமாரியில் ஏறுகிறான். மேலே மேலே போகிறான். அலமாரி முழுக்க இதேபோன்ற மூட்டைகள். ஊரில் எத்தனை குடும்பம் விரிப்பு இல்லாமல் படுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். சைக்கிள் திருடுபோன பிறகு, ஓர் உணவகத்தில் அப்பா தன் சின்ன மகனைக் காகிதத்தில் கணக்கு எழுத வைப்பார்: மாதச் சம்பளம் இவ்வளவு, ஓவர்டைம் இவ்வளவு, படி இவ்வளவு. போன வேலையின் கணக்கு. வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' (2007) பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் நாடி புரியும். அங்கே திருடுபோவது ஒரு பல்சர்.

உழைப்பைக் காட்டும் தமிழ்ப் படங்களில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை (2018) நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். தேனிப் பக்கம் மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வந்து, மூட்டை சுமந்து பிழைக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். அதற்காகச் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு கொட்டிப்போகிறது. அந்தக் காட்சியில் திரையரங்கில் பின்வரிசையிலிருந்து "ஐயோ" என்று யாரோ கத்தினார்கள். கொலைக் காட்சிக்குக்கூட அப்படிக் கத்த மாட்டார்கள். பின்னால் நிலம் கையில் வந்தும் நிற்கவில்லை. முடிவில் அவன் காவல்காரனாக உட்கார்ந்திருப்பது, ஒரு காலத்தில் தனக்கே சொந்தமாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு. லெனின் பாரதி இதில் யாரையும் வில்லனாக்கவில்லை. விதைக்கடைப் பாக்கி, உரத்தின் விலை, ரியல் எஸ்டேட் என்று ஒவ்வொன்றாக வந்து அவனை நகர்த்துகின்றன.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) இதைவிடச் சத்தமான படம், சில இடங்களில் துயரம் அளவுக்கு மீறிப் போகிறது. ஆனால் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைகளில் நமக்குப் புடவையை விரித்துக் காட்டும் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று அதற்கு முன் தமிழ் சினிமா கேட்கவில்லை. அதில் கிளைக்கதையாக ஒருவன் வருவான். வேலை இல்லை. நாறிக்கிடக்கும் பொதுக் கழிப்பறையைத் தானே கழுவிச் சுத்தம் செய்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து காசு வாங்கத் தொடங்குவான். முழுப்படத்திலும் எனக்கு அதிகம் நினைவில் நிற்பவன் அவன்தான்.

ஓடிடி வந்தபிறகு நிலைமை மாறியதா என்றால், பாதி மாறியது. 'சுழல்' (2022) முதல் சீசனின் தொடக்கம் அருமை. சிமென்ட் ஆலை, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், ஆலை எரிவது, அதே இரவில் சங்கத் தலைவரின் மகள் காணாமல் போவது. பார்த்திபன் நடித்த சண்முகம் என்ற தலைவருக்கு வர்க்கமும் இருந்தது, வீடும் இருந்தது. மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணியில் மிரட்டலாக வந்தது. ஆனால் கதை மர்மத்தின் பின்னால் ஓட ஓட, ஆலைத் தொழிலாளர்களை மறந்துவிட்டது. வேலை போனவர்கள் அந்த நாட்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தியில் வந்த 'பஞ்சாயத்' (2020 முதல்) மாறாக, மாசம் 20,000 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு கிராமத்துக்கு வேண்டாவெறுப்பாகப் போகும் பட்டதாரியின் கதை. அந்த 20,000 அவனை விடவே இல்லை. நகரத்து நண்பனின் வார இறுதிக் கொண்டாட்டத்தைப் பார்க்கும்போதும், எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கு இரவில் படிக்கும்போதும், அவன் வாங்கிய சுழல் நாற்காலிக்கு ஊரில் சண்டை வரும்போதும் அது கூடவே இருக்கிறது. பெரிய சம்பவமே இல்லாமல் தொடர் நகர்வது அந்தச் சம்பளத்தின் தைரியத்தில்தான். இதன் தமிழ் வடிவமான 'தலைவெட்டியான் பாளையம்' (2024) நாகா இயக்கியது. 'மர்மதேசம்' எடுத்த அதே நாகா. நடிகர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள், ஆனாலும் மூலத்தின் காட்சிகளை ஒட்டியே போனது எனக்கு வருத்தம். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தின் பண ஓட்டமும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தின் பண ஓட்டமும் ஒன்றல்ல. இங்கே துபாய்ப் பணம் வரும், சென்னைக் கடைப் பணம் வரும், பீடிக்கூலி வரும், மகளிர் குழுக் கடன் ஓடும். அதையெல்லாம் தெரிந்த நாகா மாதிரி ஆளிடம் தொடக்கத்திலிருந்து புதிதாக ஒரு கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். இவை பழக்கமில்லை என்றால் 'காக்கா முட்டை', பிறகு 'குடும்பஸ்தன்', பிறகு 'வீடு'. 'வீடு' கிடைக்கிற பிரதி சுமாராகத்தான் இருக்கும். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். 'பிரேக்கிங் பேட்' முதல் சில எபிசோடுகள் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓர் ஆசை மிச்சம் இருக்கிறது. நகைக்கடன் கொடுக்கும் கடை ஒன்றை வைத்துத் தமிழில் ஒரு தொடர் வர வேண்டும். நம் ஊரில் பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் விதைப்பும் அந்த வாசலைத் தாண்டித்தான் நடக்கின்றன. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குமாஸ்தா. இந்தப் பக்கம் எபிசோடுக்கு ஒருவர். உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது, கல் எடையைக் கழித்து மதிப்புப் போடுவது, வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பது, கெடு முடிந்து செய்தித்தாளில் ஏல அறிவிப்பு வருவது என்று கதைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலும் ஒரே அறைக்குள் எடுத்துவிடலாம், செலவும் அதிகமில்லை. தாலிச்சரட்டில் மஞ்சளை மட்டும் விட்டுவிட்டுத் தங்கத்தைக் கழற்றி வைக்கும் ஒரு பெண்ணிடமிருந்து முதல் எபிசோடைத் தொடங்கலாம். இரண்டாவது, அதே வாரம் அதே கடைக்கு அவளுக்குத் தெரியாமல் வந்து நிற்கும் அவளுடைய மாமியார்.